அடுப்பில் தேறியது

எங்கள் ஆலையில் அடுப்பு என்ற பேச்சைக் கேட்டால், புதிதாகச் சேர்ந்தவர்கள் கேன்டீன் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். நாங்கள் சொல்கிற அடுப்பில் சோறு வேகாது. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, கனத்த கதவு, உள்ளே தட்டுத் தட்டாக எஸ்எஸ்டி டிரைவுகள். கணினிக்குள் இருந்துகொண்டு படத்தையும் பாட்டையும் கடிதத்தையும் காப்பாற்றிவைக்கிற, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற தகட்டுப் பெட்டிகள். விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சிலவற்றை உருவி எடுத்து வதைப்பதுதான் எங்கள் பிரிவின் பிழைப்பு. அவற்றில் எழுதுவோம், அழிப்போம், மறுபடி எழுதுவோம். ஒருவர் வருடக்கணக்கில் எழுதி அழிப்பதை ஆறு வாரத்தில் செய்து முடித்துவிடுவோம். பிறகு மின்சாரத்தைப் பிடுங்கி அடுப்பில் வேகவைத்து, எடுத்து ஆறவிட்டு, எழுதியது எழுதியபடியே இருக்கிறதா என்று படித்துப் பார்ப்போம்.

படித்துப் பார்க்கிற வேலை எங்கள் பிரிவில் ஒருத்தியுடையது. பதினான்கு வருடமாக அதே நாற்காலி, அதே திரை. ஒவ்வொரு டிரைவையும் செருகி, படித்து முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரையில் பிழை எண்ணிக்கை வந்ததும் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தாளில் எழுதுவாள். அநேகமாக எப்போதும் ஒரே எண்தான். "பூஜ்யம்." ஒரு ஷிஃப்டில் இருநூறு பூஜ்யம் சொல்லுவாள். அதனால் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. "என்ன, இன்னைக்குப் பூஜ்யம் லீவா?" என்று மேனேஜரே கேட்பார். வெளியாள் கேட்டால் ஏதோ திட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பான். அவளுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

அவள் முடித்த பிறகு தட்டு என்னிடம் வரும். என் வேலை நொறுக்குவது. வதைபட்ட டிரைவை விற்கக் கூடாது, வெளியே விடவும் கூடாது. எண்ணைப் பதிந்து, இயந்திரத்தின் வாயில் போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். மறு பக்கம் பொடிப்பொடியாக விழும்.

எல்லாமே விழாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எல்லாச் சுற்றிலும் பூஜ்யம் வாங்கிய டிரைவ் ஒன்றிரண்டை நான் ஒதுக்கிவைப்பேன். எங்கள் தளத்தில் அது எழுதாத வழக்கம். யார் வீட்டிலாவது கல்யாணப் படம் சேர்த்துவைக்க வேண்டுமென்றால், பிள்ளை கல்லூரிக்குப் போகிறதென்றால், என்னிடம்தான் வருவார்கள். "அண்ணே, நல்லா வெந்ததா ஒண்ணு குடுங்க." கடையில் விற்பது சோதிக்காத சரக்கு, இது அடிபட்டு வெந்து தேறிய சரக்கு என்பது எங்கள் நம்பிக்கை. ஒரு பைசா வாங்கியதில்லை. நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளும் ஒருநாள் வந்து நின்றாள்.

அவள் வீடு முதல் மாடி, என் வீடு இரண்டாவது மாடி, கீழே பேக்கரி. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவள் என்னை அண்ணே என்று கூப்பிடப் போய் அவள் புருஷன் எனக்கு மாப்பிள்ளையாகிவிட்டார். மாப்பிள்ளை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தவர்கள்தான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "இடது கால மெதுவா எடு. அவசரமில்ல. ரோடு எங்கயும் போயிடாது" என்பார். நான் கற்றுக்கொண்டபோது நேராகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டினேன். அவரைத் திரும்பிப் பார்த்தேன். "பரவால்ல. கம்பம் நேத்தும் அங்கதான் இருந்துச்சு, நாளைக்கும் இருக்கும். ரிவர்ஸ் போடு" என்றார். அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் பயம் விட்டுப்போகும். தடிப்பில்லாத, கொஞ்சம் தூக்கம் கலந்த குரல்.

அந்தக் குரல்தான் கரகரக்க ஆரம்பித்தது. சளி என்றார்கள், தூசி என்றார்கள். கடைசியில் குரல்பெட்டியை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்துவிட்டால் உயிர் நிற்கும், குரல் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தர் இருந்தார். நாங்கள் பேச்சு டாக்டர் என்போம். அறுவைக்குப் பத்து நாள் முன்னால் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். ஆயிரத்து அறுநூறு வாக்கியம். "இதையெல்லாம் உங்க குரல்ல படிச்சுப் பதிவு பண்ணி வெச்சுக்குங்க. நாம டைப் பண்றத நம்ம குரல்லயே பேசுற மெஷின் இப்ப வேற மொழிகள்ல வந்திருக்கு. நம்ம மொழிக்கும் ரெண்டு மூணு வருஷத்துல வந்துடும். அப்ப இது வேணும். பத்திரமா வெச்சுக்குங்க" என்றார்.

ஒன்பது நாள் படித்தார். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, பேக்கரி இயந்திரம் ஓயும் மதிய வேளையாகப் பார்த்து, வியர்வை ஒழுக ஒழுகப் படித்தார். அவள் ஒன்பது நாளும் லீவு போட்டாள். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாம் சப்பென்ற வாக்கியங்கள். 'மழை வரும் போல இருக்கிறது.' 'இந்தச் சட்டை எனக்குச் சின்னது.' 'நாளைக்குத் திங்கட்கிழமையா?' அவர் ஒன்றைப் படித்து முடிப்பார். தடுமாறியிருந்தால் அவள் மேசையைத் தட்டி, "திரும்பச் சொல்லுங்க" என்பாள். சுத்தமாக இருந்தால் அவள் வாயிலிருந்து தானாக வரும், "பூஜ்யம்". பிறகுதான் பதிவை நிறுத்துவாள். நான் ஒருநாள் டீ வாங்கிக்கொண்டு போய் வாசலிலேயே நின்றேன். உள்ளே அவர் குரல், பிறகு அவள் குரல், அவர் குரல், அவள் குரல். டீ ஆறிப்போகும்வரை நின்றேன்.

பத்தாம் நாள் காலை ஷிஃப்டில்தான் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு வேணும். இருக்கறதுலயே நல்லதா."

எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒதுக்கிவைத்தவற்றின் தாள்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒரு டிரைவ் இரண்டு முறை வதைபட்டிருந்தது. முதல் சுற்றில் ஏதோ சந்தேகம் என்று மறுபடி ஆறு வாரம் எழுதி, மறுபடி அடுப்பில் வைத்திருந்தார்கள். இரண்டிலும் பூஜ்யம். இரண்டு தாளிலும் அவள் கையெழுத்து.

"இதவிடத் தேறினது கிடையாதும்மா. நீயே ரெண்டு தடவ பாஸ் போட்டது" என்று அவள் கையில் வைத்தேன். நொறுக்கியதாகப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன்.

அவள் லேப்டாப்பில் ஒரு பிரதியும் இதில் ஒரு பிரதியுமாக வைத்தாள். டிரைவைத் துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு, படுக்கையறைப் பீரோவின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினாள். அந்தச் சுவருக்குள்தான் பேக்கரியின் புகைபோக்கி போகிறது. வருடம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் வீடெல்லாம் ஈரம் பூத்தாலும் அந்தப் பீரோவுக்குள் துணி மொடமொடவென்று இருக்கும். ஈரம் அண்டாத இடம் என்று யோசித்துத்தான் அங்கே வைத்தாள்.

மூன்று வருடம் போயிற்று.

மாப்பிள்ளை கழுத்தில் இருக்கிற துளை வழியாக மூச்சுவிடப் பழகிக்கொண்டார். அதற்கு முன்னால் சின்னதாக ஒரு துணி தொங்கும். வாயால் ஊத முடியாது என்பது அறுவைக்குப் பிறகுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. டீ சூடாக இருந்தால் அவரால் ஊதிக் குடிக்க முடியாது. அவள் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுப்பாள். வாசனையும் போய்விட்டது. கீழே ரொட்டி வேகிற வாசனைக்குத் தெருவே மூக்கை நீட்டும். அவர் மட்டும் அதற்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு சின்னப் பலகை வைத்திருப்பார். எழுதுவார், துடைப்பார், எழுதுவார். வண்டி ஓட்டுகிறவன் பலகையைப் பார்க்க முடியுமா? அதனால் பயிற்சிப் பள்ளியில் வண்டி கழுவுகிற வேலையும் விண்ணப்பம் அடுக்குகிற வேலையும் கொடுத்திருந்தார்கள்.

ஒரு முறை அவர்கள் மகள் தன் ஃபோனில் ஏதோ ஏற்றிக் கொடுத்தாள். எழுதினால் அது பேசும், ஆனால் ஒரு பெண் குரலில். பள்ளியில் சோதித்துப் பார்த்தார்கள். "பிரேக்" என்று பெண் குரல் கேட்டதும் ஓட்டியவன் திடுக்கிட்டுப் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்து, வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்தான். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து எங்களிடம் எழுதிக் காட்டினார். ஆனால் அந்த ஃபோனை அதன்பின் தொடவில்லை. 'அது யாரோ' என்று எழுதினார். 'என்னோடது வரட்டும்.'

இரண்டாம் வருடம் லேப்டாப் ஒருநாள் அணைந்து, பிறகு எழவேயில்லை. மகள் அப்போதே சொன்னாள். நர்ஸ் படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"அம்மா, அது ஒண்ணுதான் இருக்கு இப்ப. புதுசா ஒண்ணு வாங்கித் தரேன், அதுலயும் ஒரு காப்பி போட்டுடலாம்."

"கடைச் சரக்கா? அது என்னென்ன லட்சணத்துல வரும்னு எனக்குத் தெரியும்டி. நூத்துல ரெண்ட எடுத்துத்தான் நாங்க பாக்கறோம். மீதி தொண்ணூத்தெட்டு யாரு பாத்தா? இது நானே பாத்தது. அத எடுத்து நோண்ட வேண்டாம். பூட்டினது பூட்டினபடி இருக்கட்டும்."

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். "அம்மா சொல்றது சரிதான்" என்று தலையாட்டினேன்.

இந்த வெயில்காலத்தில்தான் பேச்சு டாக்டர் ஃபோன் செய்தார். மெஷின் வந்துவிட்டது. பதிவைக் கொண்டுவாருங்கள். ஆயிரத்து அறுநூறும் வேண்டும் என்பதில்லை, சுத்தமாக முந்நூறு இருந்தால் நல்ல குரல் கட்டலாம். பயிற்சிப் பள்ளி முதலாளியும், குரல் வந்தால் பழைய சீட் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அன்று சாயங்காலம் சவரம் செய்துகொண்டார். ஃபோன் வந்ததற்கு எதற்குச் சவரம் என்று நான் கேட்டதற்கு, 'பேசப் போறேன்ல' என்று எழுதிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவைத் திறந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்புகிற நாள் மாதிரி வீடு கூட்டித் துடைத்திருந்தது. மேசையில் ரொட்டியும் அவித்த முட்டையும் இருந்தன. யாரும் தொடவில்லை. மகளின் கணினியில் டிரைவைச் செருகினாள். கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திரையில் பட்டியலைத் திறந்தது. வரிசையாக எண்கள், ஒன்று முதல் ஆயிரத்து அறுநூறு வரை, ஒன்றும் விடாமல்.

"பாத்தியா? எல்லாம் இருக்கு" என்றாள் மகளைப் பார்த்து.

முதலாவதை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் "மழை" என்றது மாப்பிள்ளையின் குரல். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த அறையில் அந்தக் குரல். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தகரத்தைத் தேய்ப்பது போலக் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் "கிறது" என்றது. அவ்வளவுதான். ஏழாவது பாதி. எட்டாவது இல்லை. ஒன்பதாவது இரைச்சல்.

"ஸ்பீக்கர் சரியில்ல" என்றாள் அவள். ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினாள். அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போனாள். அவள் முகம் வேலை பார்க்கும்போது இருப்பது போலவே இருந்தது.

"அம்மா."

"இரு."

"அம்மா, நான் அப்பவே புதுசு வாங்கித் தரேன்னு சொன்னேன்ல? கேட்டியா? நீ பாத்தது, நீ பாத்ததுன்னு..."

மாப்பிள்ளை விரல் முட்டியால் மேசையை இரண்டு முறை தட்டினார். பழகுகிறவன் தப்பாகத் திருப்பும்போது டேஷ்போர்டில் அப்படித்தான் தட்டுவார். மகள் நிறுத்திக்கொண்டாள். அவர் பலகையை எடுத்து எழுதி, மனைவிக்கு நேராகப் பிடித்தார்.

'சரி. அடுத்த கியர்.'

அவள் அதைப் படித்துவிட்டு உடைந்து அழுதாள். எனக்கும் முடியவில்லை. இருக்கிறதிலேயே தேறியது என்று எடுத்துக் கொடுத்த கை என்னுடையது.

ஆனாலும் பதினான்கு வருடம் பார்த்த வேலை அவளுக்குக் கைகொடுத்தது. கண்ணைத் துடைத்தவள் சட்டென்று டிரைவின் கம்பியைக் கழற்றினாள். "இதுக்கு மேல கரண்ட் குடுக்கக் கூடாது. உள்ள அதுவா எடத்த மாத்தி எழுத ஆரம்பிச்சா இருக்கறதும் போயிடும். அண்ணே, இத ஆலைக்கு எடுத்துட்டுப் போகணும்."

"ஆலைக்கா?"

"வேற எங்க போறது?"

நொறுக்கியதாகக் கையெழுத்துப் போட்ட பொருளை மூன்று வருடம் கழித்து வாசல் வழியாக உள்ளே கொண்டுபோவதென்றால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் பார்க்கவில்லை, டிரைவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தனியாகவாவது போய்விடுவாள் என்று தெரிந்தது.

"சரி, போலாம்" என்றேன்.

எங்கள் ஆலையில் செத்துப்போன டிரைவுகளை அறுத்துப் பார்ப்பதற்கென்று ஓர் அறை உண்டு. அதில் இருக்கிற எஞ்சினியர் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சின்ன வயது, பேச்சுக் குறைவு. திங்கட்கிழமை காலையில் போய் நின்றோம். டிரைவின் எண்ணைப் பதிந்து பார்த்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இது மூணு வருஷத்துக்கு முன்னாடியே பொடியாயிடுச்சாமே. கையெழுத்து உங்களோடது."

"ஆமா மேடம்."

என் பக்கத்தில் நின்றவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்காமல், அழாமல், தாளில் எழுதுவது மாதிரி வரிசையாகச் சொன்னாள். எஞ்சினியர் முழுக்கக் கேட்டுவிட்டு டிரைவைத் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை நாள் கரண்ட் இல்லாம இருந்துச்சுக்கா?"

"மூணு வருஷம் ரெண்டு மாசம்."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"பீரோல. ஈரம் படாத எடமா."

"சூடு?"

நான்தான் சொன்னேன், "கீழ பேக்கரி மேடம். புகைபோக்கி அந்தச் சுவத்துக்குள்ளதான் போகுது."

சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அவளுக்கு எனக்கு முன்னாலேயே உறைத்திருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மூணு வருஷமா அடுப்புல வெச்சிருக்கேன்" என்றாள்.

"சூடு மட்டும் காரணம் இல்லக்கா" என்றாள் எஞ்சினியர். "இதுக்குள்ள கோடிக்கணக்குல குட்டிக் குட்டிக் கட்டம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் இத்துனூண்டு மின்சாரத்த அடைச்சு வெச்சிருக்கோம், அதுதான் எழுத்து. எழுதி அழிச்சு எழுதி அழிச்சு அந்தக் கட்டத்தோட சுவரு தேஞ்சிடும். புதுசுன்னா பல வருஷம் தாங்கும். இது ரெண்டு தடவ சக்கையாப் புழிஞ்சது. நம்ம தாள்ல என்ன போட்டிருக்கு? இவ்ளோ தேஞ்சப்புறமும் ஒரு வருஷம் நிக்குமான்னுதான் நாம அடுப்புல வெச்சுப் பாக்கறோம். நின்னுச்சு. அதுக்குத்தான் நீங்க பாஸ் போட்டீங்க."

"ஒரு வருஷம்" என்றாள் அவள். "தாள்ல மேலயே அச்சடிச்சிருக்கும். தினமும் பாக்கறேன்."

நானும் தினமும் பார்ப்பேன். ஊரில் வேறு எவனாக இருந்தாலும் கடையில் ஒன்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டிருப்பான். அதில் எல்லாம் பத்திரமாக இருந்திருக்கும். இந்தத் தப்பைச் செய்ய எங்கள் தளத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

எஞ்சினியர் டிரைவைத் தன் இயந்திரத்தில் மாட்டினாள். திரையில் ஓர் எண் ஓட ஆரம்பித்தது. அது லட்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டேயிருந்தது.

"இது என்ன மேடம்?"

"பிழை. ஒண்ணொண்ணாப் படிக்கும்போது வர்ற தப்பு."

"இத்தனையா?"

"இதுல ரொம்ப அதிகம். ஆனா புது டிரைவ்லயும் ஓடும்க்கா. எப்பவும் ஓடிட்டேதான் இருக்கும். உள்ளயே ஒரு கணக்கு இருக்கு, அது பாத்துப் பாத்துத் திருத்திடும். திருத்த முடியாததுதான் உங்க ஸ்க்ரீனுக்கு வரும்."

"அப்ப நான் பதினாலு வருஷமாப் பூஜ்யம்னு சொன்னது பொய்யா?"

"பொய் இல்லக்கா. நீங்க சொன்னது வேற கேள்விக்குப் பதில்."

அவள் அந்த ஓடுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சினியர் செய்ததைப் பெரிய உதவி என்றுதான் சொல்ல வேண்டும். மின்சாரம் கசிந்து அளவு இறங்கிவிட்டதால், படிக்கிற அளவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒரே இடத்தை நாற்பது ஐம்பது முறை படிக்கவிட்டாள். எதை அதிகத் தடவை சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. நாலு நாள் ஓடியது. ஆனால் விஷயத்தை மறைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பதிவேட்டில் எங்கள் இருவர் பெயரையும் எழுதினாள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என்னை நொறுக்கும் இயந்திரத்திலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். எனக்கு அது வேண்டியதுதான். நான் இதற்கு முன்னால் யார் யாருக்கெல்லாம் கொடுத்தேன் என்று யோசித்து, ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். "வேற எடத்துல காப்பி போட்டு வெச்சுக்குங்க, இன்னைக்கே போடுங்க." சிலர் நன்றி சொன்னார்கள். ஒருத்தர் என்னைத் திட்டினார். அவர் கல்யாணப் படமெல்லாம் போயிருந்தது.

மீண்டதை வேறு ஒரு புது டிரைவில் போட்டுக் கொடுத்தாள் எஞ்சினியர், கடையில் வாங்கியது. எது சுத்தம், எது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். மகள் நான் செய்கிறேன் என்றாள். அவள் விடவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சமையலை முடித்துவிட்டு, பொழுது சாய்கிறவரை அதே மேசையில் உட்காருவாள். எதிரில் மாப்பிள்ளை. ஹெட்ஃபோன் வேண்டாம் என்று அவர்தான் எழுதினார். தானும் கேட்க வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள் நான் போயிருந்தேன். வெளியே அந்த வருடத்தின் முதல் மழை இறங்கியிருந்தது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சத்தம் என்று பாதி சாத்தியிருந்தார்கள். அவள் ஒன்றை அழுத்தினாள். 'இந்தச் சட்' என்று மாப்பிள்ளையின் குரல் வந்து அறுந்தது. ஒரே இரைச்சல். இரைச்சல் முடிந்ததும் வாக்கியத்தின் கடைசியில் துல்லியமாக, பக்கத்தில் நின்று சொல்வது போல, அவளுடைய குரல்.

"பூஜ்யம்."

பதிவை நிறுத்துவதற்கு முன்னால் அவள் சொன்னதெல்லாம் கூடவே பதிந்திருக்கிறது. அவள் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்ததை அழுத்தினாள். அவர் குரலே இல்லை, வெறும் கரகரப்பு. பிறகு, "பூஜ்யம்." அடுத்தது பாதி வந்தது. "பூஜ்யம்." அவருடையது எங்கெங்கேயோ ஓட்டையாகப் போயிருக்க, அவளுடையது ஒன்று விடாமல் தப்பியிருப்பது போல எனக்குத் தோன்றியது. உண்மையில் அவளுடையதிலும் பாதி போயிருந்தது. இருப்பதைத்தானே காது கேட்கும்.

"எத்தனாவதும்மா இது?" என்றேன்.

"ஆயிரத்து நூத்திப் பத்து. இன்னும் நானூத்தித் தொண்ணூறு இருக்கு."

"கொஞ்சம் நிறுத்திட்டு டீ குடி."

"நான் சொன்னதுதானண்ணே. நானே கேக்கறேன்."

மாப்பிள்ளை எழுந்துபோய் அடுக்களையில் டீ போட்டார். இரண்டு டம்ளரில் அவரே மாற்றி மாற்றி ஆற்றி, ஒன்றை அவள் முன்னால் வைத்தார்.

எல்லாம் கேட்டு முடித்தபோது சுத்தமாக இருந்தவை இருநூற்று அறுபத்து மூன்று. அவள் மூன்று தரம் எண்ணினாள். முந்நூறு ஆகவில்லை. பேச்சு டாக்டரிடம் சொன்னபோது அவர், "குடுங்க, பாக்கலாம். கட்ட முடியும். ஆனா சில சத்தத்துக்கு மாதிரி கம்மியா இருக்கும். அங்கங்க பிசிறடிக்கும். தெரிஞ்சுக்கிட்டு எடுத்துக்குங்க" என்றார். மாப்பிள்ளை உடனே தலையாட்டினார்.

பதினைந்து நாள் கழித்து வரச்சொன்னார்கள். பயிற்சிப் பள்ளி வண்டியில் போனோம். நான் ஓட்டினேன், மாப்பிள்ளை பக்கத்தில் தன் பழைய சீட்டில், பின்னால் அம்மாவும் மகளும். வழியெல்லாம் தண்ணீர். ஒரு திருப்பத்தில் நான் யோசனையில் இருந்துவிட்டேன்; அவர், கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் காலடியில் இருந்த பிரேக்கை மெல்ல அழுத்தி, டேஷ்போர்டில் இரண்டு முறை தட்டினார். அவள் மடியில் அந்தப் புது டிரைவும், இன்னொன்றில் போட்ட பிரதியும், மூன்றாவது பிரதியும் இருந்தன.

அறையில் ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் வாயும் நாக்கும் வரைந்த படம். பேச்சு டாக்டர் ஒரு புத்தக அளவு கருவியை மாப்பிள்ளையின் முன்னால் வைத்தார்.

"எது வேணும்னாலும் டைப் பண்ணுங்க. முடிச்சுட்டு இந்தப் பச்சை பட்டன அழுத்துங்க."

அவர் விரலை வைத்தார். ஏதோ நீளமாக எழுதினார். படித்துப் பார்த்து அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மட்டும் எதிரில், கையைக் கட்டிக்கொண்டு, படித்து முடிவதற்காகக் காத்திருக்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது முறை அவர் சின்னதாக எழுதினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பச்சைப் பட்டனை அழுத்தினார்.

"பூஜ்யம்."

அவருடைய குரல்தான். தடிப்பில்லாத, தூக்கம் கலந்த, விளக்குக் கம்பத்தில் முட்டியவனைப் பார்த்துப் பரவாயில்லை என்ற குரல். நடுவில் மட்டும் ஒரு பிசிறு, துணி கிழிகிற மாதிரி. மகள் ஓவென்று அழுதாள். பேச்சு டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவள் அழவில்லை. கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு தலையை மெல்ல இடவலமாக ஆட்டினாள்.

"இல்லங்க" என்றாள். "ஒண்ணு இருந்துச்சு. நடுவுல."

மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தார்.

அவள் விரலால் மேசையைத் தட்டினாள். "திரும்பச் சொல்லுங்க."

அவர் பச்சைப் பட்டனை மறுபடியும் அழுத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.